அஞ்சறையும் இழுப்பறையும்

பாத்திரக் கடையிலோ பிளைவுட் கடையிலோ போய் கட்லரி டிரே கேட்டுப் பாருங்கள். எந்தக் கடையில் கேட்டாலும் எடுத்துக் காட்டுவது கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கில் நீளவாக்கில் மூன்று பள்ளம், சிலவற்றில் நான்கு. அவற்றின் கால்மாட்டில் குறுக்காக ஒன்று. முதல் பள்ளம் மேசைக் கத்திக்கு, அடுத்தது முள்கரண்டிக்கு, அதற்கடுத்தது சாப்பிடும் ஸ்பூனுக்கு, குறுக்கே இருப்பது டீஸ்பூனுக்கு. நீளம் ஒன்பது, மிஞ்சினால் ஒன்பதரை அங்குலம். ஆழம் இரண்டு. நம் வீட்டுச் சாம்பார் கரண்டி பதினான்கு அங்குலம் இருக்கும். தோசைத் திருப்பி பன்னிரண்டுக்குக் குறையாது. ஜல்லிக் கரண்டிக்குத் தலை மட்டுமே ஐந்து அங்குல அகலம். இவற்றில் ஒன்றுகூட அந்த டிரேயில் படுக்காது.

நான் சமையலறை மரவேலை செய்கிறவன். அப்பாவுக்குத் தேவகோட்டை. செட்டிநாட்டு வீடுகளில் கதவு, நிலை, பெட்டி என்று பழுதுபார்த்தே பிள்ளைகளை வளர்த்தவர். என் பட்டறை கோவையில் இருக்கிறது. புதுச் சமையலறை போடச் சொல்லி வருகிறவர்கள் கதவு என்ன நிறம், கிரானைட் என்ன நிறம் என்று நாள்கணக்கில் பேசுவார்கள். டிராயருக்குள் தடுப்பு எப்படி வேண்டும் என்று கேட்டால், “ஏதாச்சும் ஒரு டிரே போட்டுக் குடுத்திருங்கண்ணா” என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அந்த இடம்தான் முக்கியமாகப் படுகிறது. ஒரு தடுப்பைப் பொருத்திவிட்டால், அந்த வீட்டில் சமைக்கிறவரின் கை இனிப் பல வருடங்களுக்கு எங்கே போய் எதை எடுக்க வேண்டும் என்று நான் முடிவு செய்ததாக ஆகிவிடுகிறது. டிரேயில் இருக்கும் அந்த ஒன்பதரை அங்குலத்தை முடிவு செய்தது யார் என்று தேடப் போய்த்தான் இந்த வரலாற்றுக்குள் வந்தேன்.

அந்த டிரேயின் பூர்வீகம் சமையலறையே இல்லை. 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், வசதியான வீடுகளின் சாப்பாட்டு அறையில் கத்திப் பெட்டி என்று ஒன்று இருந்தது. மகாகனி மரம், சரிவான மூடி, முன்புறம் பூட்டு. பரிமாறும் அலமாரியின் இரு முனையிலும் ஜோடியாக நிற்கும். மூடியைத் திறந்தால் உள்ளே சாய்வாக ஒரு பலகை, அதில் வரிசை வரிசையாகத் துளைகள். ஒரு துளைக்கு ஒரு கத்தி, ஒரு கரண்டி. கைப்பிடி மேலே தெரிய நிற்கும். எல்லாம் வெள்ளிச் சாமான். ஒரு துளை காலியாக இருந்தால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். பின்னால் இந்தப் பெட்டியின் வேலை அலமாரி டிராயருக்குள் இறங்கியது. வெள்ளி கீறாமலிருக்கப் பச்சைக் கம்பளித் துணி ஒட்டிய தடுப்புகள் வந்தன. பொருளைப் பத்திரப்படுத்தவும் எண்ணிச் சரிபார்க்கவும் போட்ட தடுப்பு அது. அவசரத்தில் நீளும் கைக்காகப் போட்டதல்ல.

நம் ஊரிலும் மரத்தில் நுணுக்கமான அறைகள் பணத்தைச் சுற்றித்தான் பெருகின. கடை முதலாளியின் கல்லாப் பெட்டியில் காசுக்குக் காசு தனிக்குழி உண்டு; சிலவற்றில் தட்டைத் தூக்கினால் அடியில் ரகசிய அறையும் இருக்கும். வெற்றிலைச் செல்லத்தில் பாக்கு ஒரு பக்கம், சுண்ணாம்பு ஒரு பக்கம். நாட்டு மருந்துக் கடைகளில் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள், டப்பாக்கள். மயிலாப்பூர் கச்சேரி சாலையில் 1885-லிருந்து நடக்கிற கடைக்கு டப்பா செட்டி கடை என்றே பெயர் நிலைத்துவிட்டது. எது எங்கே என்று கடைக்காரருக்குக் கை பழகியிருக்கும், தலை திரும்பாமலே எடுப்பார். சமையலறைக்கு என்று இதே கவனத்தோடு ஆசாரி செய்து கொடுத்தது ஒன்று இருந்தது. அது அஞ்சறைப் பெட்டி.

1942-ல் செட்டியார்கள் தொழில் நடத்திவந்த பர்மாவுக்குள் ஜப்பானியப் படை நுழைந்ததிலிருந்து செட்டிநாட்டின் வசதி சரியத் தொடங்கியது. பிறகு வந்த ஆண்டுகளில் எத்தனையோ வீடுகளில் சாமான்கள் வெளியே வந்து, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் குவிந்தன. அப்பா அந்தக் கடைகளுக்கும் பழுது பார்த்துக் கொடுத்திருக்கிறார். மூடி உடைந்து விலைபோகாமல் கிடந்த ஒரு அஞ்சறைப் பெட்டியைக் கூலிக்குப் பதிலாக எடுத்து வந்தார். இப்போது என் பட்டறையில் இருக்கிறது. டிராயர் தடுப்பு பற்றி என்னிடம் கேட்பவர்கள் கையில் முதலில் அதைத்தான் கொடுப்பேன்.

பலா மரம். நீளம் பதினோரு அங்குலம், அகலம் ஏழு, உயரம் மூன்றேகால். ஒரே கட்டையைக் குடைந்து செய்தது. ஆணி இல்லை, பசை இல்லை. அறை ஐந்து, ஐந்தும் ஐந்து அளவு. பெரிய அறை ஒரு பக்கத்தின் நீளம் முழுவதையும் எடுத்துக்கொண்டிருக்கிறது. வற்றல் மிளகாய் ஒடியாமல் படுக்க அந்த நீளம் வேண்டும். வலது முன்மூலையில் இருப்பது கடுகு அறை. மரத்தின் வெடிப்பில் இரண்டு கடுகு இன்னும் சிக்கியிருப்பதால் சந்தேகமில்லை. உட்கார்ந்து சமைக்கிறவருக்கு வலது கை முதலில் படும் இடமும் அதுதான். மஞ்சள் அறை எல்லாவற்றிலும் சின்னது, தூரத்து மூலையில். கறை மரத்துக்குள் இறங்கிப் போயிருக்கிறது. அந்த அறையைச் சுற்றிய சுவர் மட்டும் மற்றச் சுவர்களைவிட ஒரு நூல் உயரம். மூடியின் அடியில் அந்த உயரம் படிய ஒரு காடி எடுத்திருக்கிறார்கள். மஞ்சள் தூள் பக்கத்துச் சீரகத்தில் சிந்தக் கூடாது என்று உளி பிடித்தவர் யோசித்திருக்கிறார், அல்லது அந்த வீட்டு ஆச்சி சொல்லிச் செய்திருக்கிறார்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது அறைகளின் அடிப்பகுதி. ஒன்றுகூடத் தட்டையில்லை, எல்லாம் குழிவு. கடைசிக் கடுகுவரை விரல் நுனிக்குத் தானாக உருண்டு வரும். மூலையை நேராக வெட்டிய பெட்டியில் கடுகு மூலையில் தங்கிவிடும். அதை எடுக்கப் பெட்டியைக் கவிழ்த்தால் மற்ற நான்கும் கொட்டிப்போகும். பலகையைச் சேர்த்துச் செய்வது சுலபமாக இருக்க, ஏன் ஒரு கட்டையை மெனக்கெட்டுக் குடைந்தார்கள் என்பதற்கு இதைவிட வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

காய்ந்த எண்ணெய் யாருக்காகவும் காத்திருக்காது. கடுகு வெடிக்க வேண்டும், உளுத்தம்பருப்பு சிவக்க வேண்டும், மிளகாய் கருகிவிடக் கூடாது, வெந்தயம் ஒரு விநாடி கூடினால் கசக்கும். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் நடந்து முடிய வேண்டிய வேலை. அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இந்தப் பெட்டி. பெருங்காயத்துக்கு மட்டும் இதற்குள் இடம் கிடையாது. அதன் வாசனை மற்றதை விழுங்கிவிடும் என்பதால் தனி டப்பா. மிளகாயோ, 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக வந்தது. அதற்கு முன் காரம் என்றால் மிளகுதான். ஆகவே இந்த நீள அறை மிளகாய் வந்த பிறகு தேவைப்பட்டதாகத்தான் இருக்கும். சமையல் மாறியபோது பெட்டியும் மாறிக்கொண்டது. ஒவ்வொரு பெட்டியையும் ஒரு வீட்டுக்கென்று ஒருவர் செய்ததால் அப்படி மாற முடிந்தது.

கரண்டிகளுக்கு வேறு ஏற்பாடு. சுவரில் அடித்த மரச்சட்டத்தில் வரிசையாகத் துளை இருக்கும். அகப்பைக் கூடு என்பார்கள். சிரட்டை அகப்பையின் காம்பை அதில் செருகிவிட்டால் தலை மேலே நிற்கும், ஈரம் காயும். உறி விட்டத்தில் தொங்கியது. நெல் குதிரில் இருந்தது. ஓலைப்பெட்டி, கொட்டான், அடுக்குப்பானை என்று ஒவ்வொரு பொருளும் எங்கே காற்றுப் படுமோ, எங்கே எறும்பு ஏறாதோ அங்கே இருந்தது. பொருளை மூடி இழுத்துத் தள்ளும் டிராயர் என்ற எண்ணமே அந்தச் சமையலறையில் இல்லை. தரையில் உட்கார்ந்து சமைக்கிறவருக்கு அதற்கு அவசியமும் இல்லை.

1913-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர் துருப்பிடிக்காத எஃகை உருவாக்கினார். துப்பாக்கிக் குழல் தேய்மானத்துக்கு மாற்று உலோகம் தேடிக்கொண்டிருந்தபோது கிடைத்தது அது. ஷெஃபீல்டோ கத்தி செய்யும் ஊர். அதுவரை சாதாரண எஃகுக் கத்தியைத் துடைத்துக் காயவைக்காவிட்டால் துருவேறிவிடும். வெள்ளியைப் பூட்டி வைக்க வேண்டும். புது உலோகம் வந்த பிறகு சாதாரண வீட்டிலும் கழுவிய கையோடு கத்தியையும் முள்கரண்டியையும் சமையலறை டிராயரில் போட்டுவிடலாம் என்றானது. பணக்கார வீட்டுக் கத்திப் பெட்டியின் தடுப்பு, தகரமாகவும் பிறகு பிளாஸ்டிக்காகவும் எல்லா வீட்டு டிராயருக்கும் வந்து சேர்ந்தது. அந்த ஒன்பதரை அங்குலம் ஆங்கிலேயர் மேசையில் சாப்பிடும் கத்தியின் நீளம்.

அதே உலோகம்தான் நம்மூர் மர அஞ்சறைப் பெட்டியின் கதையையும் முடித்தது. எவர்சில்வர் வந்தது. பழைய துணி கொடுத்துப் பாத்திரம் வாங்கிய காலம் பலருக்கு நினைவிருக்கும். 1981-ல் சேலம் உருக்காலை தகடு உருட்டத் தொடங்கிய பிறகு எவர்சில்வர் இல்லாத வீடே இல்லை என்று ஆனது. மர அஞ்சறைப் பெட்டியும் பித்தளைப் பெட்டியும் பரணுக்குப் போயின. அவற்றின் இடத்தில் வட்டமான எவர்சில்வர் பெட்டி, அதற்குள் ஏழு கிண்ணம். ஏன் ஏழு என்று யாரும் கேட்பதில்லை. ஒரே அளவு வட்டங்களில் ஒன்றை நடுவில் வைத்தால், அதைச் சுற்றி இடைவெளியில்லாமல் சரியாக ஆறு வட்டம் நிற்கும். காம்பஸ் வைத்து நீங்களே வரைந்து பார்க்கலாம். ஏழு கிண்ணம் என்பது அந்தக் கணக்கின் முடிவு. மிளகாயை ஒடித்துத்தான் போட வேண்டும். மஞ்சளுக்கும் கடுகுக்கும் ஒரே அளவு கிண்ணம். கழுவ வசதி, பூச்சி அரிக்காது, விலை மலிவு. இந்த மூன்றையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் ஆச்சியின் அளவு போய்த் தகடு வெட்டும் டையின் அளவு வந்தது அந்த இடத்தில்தான்.

கோவையில் மனையியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற ஒரு அம்மா வீட்டில் வேலை செய்யக் கிடைத்தது என் அதிர்ஷ்டம். 1957-ல் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி தொடங்கிய ஊர் இது; இங்கே அப்படிப் படித்தவர்கள் பலர் உண்டு. “தம்பி, நீங்க செய்யுற இந்த டிராயருக்கு ஒரு பாட்டி இருக்காங்க தெரியுமா?” என்று கேட்டவர், தன் புத்தக அலமாரியைத் திறந்துவிட்டார். மேலைநாட்டுப் பெண்கள் சமையலறையை எப்படி அளந்தார்கள் என்ற கதையை நான் தெரிந்துகொண்டது அவரிடம்தான்.

அமெரிக்காவில் 1869-ல் கேதரின் பீச்சரும் அவர் தங்கை ஹேரியட் பீச்சர் ஸ்டோவும் சேர்ந்து வீட்டு நிர்வாகம் பற்றி ஒரு நூல் எழுதினார்கள். கப்பல் சமையலறையை முன்மாதிரியாகக் காட்டினார்கள். அத்தனை பேருக்குச் சமைக்கிற கப்பல்காரர் ஓரிரு அடி நகர்ந்தாலே எல்லாம் கைக்கு எட்டுகிறது, வீட்டில் மட்டும் ஏன் பெண்கள் நாளெல்லாம் நடக்க வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. அடுத்த தலைமுறையில் கிறிஸ்டின் ஃபிரெடரிக் தொழிற்சாலை வேலையை நேரம் பிடித்து அளக்கும் முறையைச் சமையலறைக்குக் கொண்டுவந்தார். அவருடைய நூல் 1913-ல் வந்தது. 1922-ல் ஜெர்மன் மொழிக்குப் போனது. அதைப் படித்தவர்களில் ஒருவர் வியன்னாவில் பிறந்த மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி.

முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியில் வீட்டுப் பஞ்சம். ஃபிராங்க்ஃபர்ட் நகரில் எர்ன்ஸ்ட் மே தலைமையில் ஆயிரக்கணக்கில் தொழிலாளர் குடியிருப்புகள் எழும்பின. அவற்றுக்கான சமையலறையை 1926-ல் லிஹோட்ஸ்கி வரைந்தார். அகலம் ஆறடிச் சொச்சம், நீளம் பதினோரு அடிச் சொச்சம். ரயில் உணவுப் பெட்டியின் சமையலறை அவருக்கு முன்மாதிரி. ஏறத்தாழ பத்தாயிரம் வீடுகளில் இதைப் பொருத்தினார்கள். இன்று உலகம் முழுக்க மாடுலர் கிச்சன் என்று விற்கப்படுவதன் தாய் அது.

அதன் படத்தை முதலில் பார்த்தபோது என் கண் போன இடம் அலுமினிய இழுப்பறைகள். வேலை மேடைக்குப் பக்கத்தில் வரிசை வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் பிடி, ஒரு முனையில் கொட்டும் வாய். அரிசி வேண்டுமென்றால் அரிசி அறையை உருவியெடுத்து அப்படியே பாத்திரத்தில் சாய்த்துக் கொட்டலாம். கரண்டியும் வேண்டாம், சிந்தவும் சிந்தாது. மாவுக்கு மட்டும் ஓக் மரம், புழு அண்டாது என்று. காய் நறுக்கும் பலகையோடு சேர்ந்தே குப்பை விழும் இழுப்பறை. நம் அஞ்சறைப் பெட்டி செய்தவரும் இந்த அம்மாவும் ஒரே பள்ளியில் படித்தவர்கள் என்று சொல்லத் தோன்றியது.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அந்த அறைகள் பெயரோடு வந்தன. அரிசி, சர்க்கரை, ரவை என்று எழுதியே குடிவருகிறவர்கள் கையில் கொடுத்தார்கள். அந்த வீட்டில் என்ன சமைப்பார்கள் என்று கேட்கும் முன்பே அறை முடிவாகிவிட்டது. சமையலறையின் அளவும் ஒரே ஒருவர் நின்று வேலை செய்யும் அளவு. இரண்டாம் ஆள் நுழைந்தால் இடிக்கும். வரைந்த காலத்தில் தனக்குச் சமைத்த அனுபவமே இல்லை என்று லிஹோட்ஸ்கி பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொன்னார். இதை அவர்மேல் குற்றமாக நான் சொல்லவில்லை. நாஜிகளை எதிர்த்துச் சிறை போய் உயிர் தப்பியவர். 2000-ஆம் ஆண்டு ஜனவரியில், 103 வயது நிறையச் சில நாள் இருக்கும்போது இறந்தார். பெண்களின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்று உண்மையாகவே உழைத்தவர். பத்தாயிரம் வீட்டுக்கு ஒருசேரச் செய்யும்போது வீட்டுக்கு வீடு போய்க் கேட்க முடியாது. நம் வீடுகளில் மாமியார் நறுக்க, மருமகள் தாளிக்க, வேலைக்கு வரும் அக்கா பாத்திரம் எடுத்து வைக்க, ஒரே டிராயருக்குள் மூன்று பேர் கை போகும். ஒரு ஆளுக்கு வரைந்த கணக்கு இங்கே அப்படியே செல்லாது.

நம் ஊரில் சமையல் எழுந்து நின்றது எரிவாயு அடுப்பால். 1960களின் நடுவில் இண்டேன் சிலிண்டர் வந்தது. நகரத்து வீடுகளில் மெல்ல மெல்ல மேடை கட்டினார்கள். மேடைக்கு அடியில் காலியிடம். அதில் கறுப்புக் கடப்பைக் கல்லைச் செருகித் தட்டுப் போட்டார்கள். குனிந்து, கையை உள்ளே விட்டு, முன்னால் இருப்பதை நகர்த்தி, பின்னால் இருப்பதைத் தடவி எடுக்க வேண்டும். முதுகுவலிக்கென்றே கட்டிய இடம் அது. எங்கள் அம்மாவின் தலைமுறை முழுவதும் அந்தத் தட்டுகளுக்கு முன்னால் குனிந்தே கழித்தது. அதனால்தான் 1990களில் கம்பிக்கூடை வந்தபோது எல்லோரும் ஆவலாக வாங்கினார்கள். இழுத்தால் முழுச் சாமானும் வெளியே வருகிறது என்பது பெரிய விடுதலை.

அதைச் சாத்தியமாக்கியது சேனல் என்று நாங்கள் சொல்லும் இரும்புத் தண்டவாளம். அப்பா காலத்து டிராயர் மரத்தின் மேல் மரம் உரசி ஓடும். மழைக்காலத்தில் ஊதிக்கொண்டு வராது. மெழுகுவர்த்தியைத் தேய்த்து ஓட்டுவோம். கனம் ஏற்றினால் முன்பக்கம் தொங்கும். குண்டு உருளும் சேனல் வந்ததும் முப்பது கிலோ ஏற்றினாலும் ஒற்றை விரலால் இழுக்க முடிந்தது. குக்கரையே டிராயரில் வைக்கலாம் என்ற நிலை அதனால்தான் வந்தது. ஜெர்மனியின் ஹெட்டிச் 1888-லும், ஆஸ்திரியாவின் பிளம் 1952-லும் தொடங்கிய நிறுவனங்கள். இன்று எங்கள் பட்டறை மேசையில் அவர்களுடைய அளவு அட்டவணைதான் விரிந்து கிடக்கிறது. 450, 600, 900 மில்லிமீட்டர் என்று பெட்டியின் அகலத்தை நாங்கள் பேசுவது அந்த வழியில் வந்த பேச்சு.

கம்பிக்கூடையோ தன் பெயர்களையும் கூடவே கொண்டுவந்தது. கட்லரி பாஸ்கெட், கப் அண்ட் சாசர் பாஸ்கெட், பிளேட் பாஸ்கெட். கப் அண்ட் சாசர் கூடையில் சாசரைச் செங்குத்தாகச் செருக ஒரு பக்கம் கம்பி வரிசை உண்டு. டபரா டம்ளரில் காபி குடிக்கிற வீட்டில் அதைப் பொருத்தினால் டம்ளர் சாய்ந்து விழும், டபரா கம்பிக்குள் நுழையாது. ஒரு வருடத்துக்குள் அந்தக் கூடையில் பிளாஸ்டிக் கவர்கள் சேர்ந்திருப்பதை வீட்டுக்கு வீடு பார்த்திருக்கிறேன். சாப்பாட்டுத் தட்டுக்கென்று தாலி பாஸ்கெட் பின்னால் வந்தது. நம் கைக்கு ஏற்ற அறையை நாமே கேட்டு வாங்கியதற்கு அது ஒரு உதாரணம். இன்னும் நிறையக் கேட்டிருக்கலாம்.

நான் இப்போது செய்வது இதுதான். மேடைக்குக் கீழே முதல் டிராயரைத் தடுப்பே இல்லாமல் வெறுமையாகக் கொடுத்துவிட்டு, அடியில் மட்டும் ரப்பர் விரிப்புப் போடுகிறேன். ஒரு மாதம் புழங்கட்டும். பிறகு போய் டிராயரைத் திறந்தால், அந்த வீட்டின் கணக்கு அதில் தெரிந்துவிடும். தினம் எடுப்பது தானாக முன்னால் வந்திருக்கும். எப்போதாவது எடுக்கும் முறுக்கு உழக்கும் இடியாப்ப அச்சும் பின்சுவரில் ஒதுங்கியிருக்கும். ஒரு பாட்டி வீட்டில் செய்தித்தாளை டிராயர் அளவுக்குக் கத்தரித்து விரித்தோம். கரண்டிகளை அவரே தன் வரிசையில் அடுக்கினார். குழிக்கரண்டி, எண்ணெய்க் கரண்டி, மத்து, தோசைத் திருப்பி. “அந்தத் திருப்பிய இடப்பக்கம் வை தம்பி, வலக்கையில மாவுக் கரண்டி இருக்குமில்ல” என்றார். தோசை ஊற்றும்போது திருப்பி இடது கைக்கு வர வேண்டும் என்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. ஒவ்வொன்றையும் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, இரு பக்கமும் விரல் நுழைய முக்கால் அங்குலம் விட்டு, அந்தக் காகிதத்தைப் பட்டறைக்கு எடுத்துவந்து தடுப்பு வெட்டினேன்.

தடுப்புக்கு ஆறு மில்லிமீட்டர் பிளைவுட் போதும். தண்ணீர் தாங்கும் ரகமாக இருக்க வேண்டும். இரண்டு பட்டை சந்திக்கும் இடத்தில் இரண்டிலும் பாதி ஆழம் வெட்டி ஒன்றுக்குள் ஒன்று செருகினால் பசையே வேண்டாம். பசை போடக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். மருமகள் வந்த பிறகு, அல்லது சமைக்கும் கை மாறிய பிறகு, உருவி வேறு மாதிரி செருக வேண்டியிருக்கும். டிராயர் சுவருக்கும் தடுப்புச் சட்டத்துக்கும் இடையே ஒரு நூல் இடைவெளி விடுவேன், முழுதாகத் தூக்கிக் கழுவ. தடுப்பின் உயரம் டிராயர் உயரத்தில் பாதியைத் தாண்டினால் கை இடிக்கும். மூங்கில் டிரே பார்க்க அழகு, ஆனால் ஈரக் கரண்டியைப் போடும் வீட்டில் மழைக்காலத்தில் பூஞ்சை கட்டும். எவர்சில்வர் டிரே சத்தம் போடும், ஆனால் ஆயுசு கெட்டி. கடையில் வாங்குவதானால் இழுத்து அகலத்தைக் கூட்டக்கூடியதை வாங்குங்கள். வாங்கப் போகும்போது வீட்டின் நீளமான கரண்டியையும் கையோடு எடுத்துப் போய்ப் படுக்க வைத்துப் பாருங்கள். டிராயருக்கு வெளியளவு எடுக்காதீர்கள். உள்ளளவு எடுங்கள், அதையும் சேனல் பொருத்திய பிறகு எடுங்கள். மசாலாவுக்கு டிராயர் வைப்பதானால் அடுப்புக்கு நேர் கீழே வேண்டாம், சூட்டில் வாசனை போய்விடும். வலது பக்கம் ஒரு கை தள்ளி வையுங்கள். அடியைக் குழிவாக்க மரத்தில் இப்போது யாரும் செலவழிக்க மாட்டார்கள், ஆனால் அடி குழிந்த சின்னக் கிண்ணங்களை வட்ட வட்டமாக வெட்டிய பலகையில் இறக்கினால் அந்தப் பலாப்பெட்டியின் வசதி அப்படியே கிடைக்கிறது. கிண்ணங்கள் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதில்லை. கடுகுக்குப் பெரியது, மஞ்சளுக்குச் சின்னது, மிளகாய்க்கு நீளமான ஒரு தொட்டி.

இப்படி வீட்டுக்கு வீடு கோடு போட்ட செய்தித்தாள்களை நான் தூக்கிப் போடுவதில்லை. தேதி குறித்துச் சுருட்டி வைத்திருக்கிறேன். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தால் மாற்றம் நன்றாகத் தெரிகிறது. முன்பு பெரிய கரண்டி பதினாறு அங்குலம்வரை இருந்தது, இப்போது பதினொன்றைத் தாண்டும் வீடு குறைவு. வீட்டில் ஆள் குறைந்து சட்டியும் சின்னதாகிவிட்டது. ஒட்டாத தோசைக்கல் வந்ததும் இரும்புத் திருப்பி போய் மரத்துடுப்பும் சிலிகோன் திருப்பியும் வந்தன. அவற்றுக்குக் கைப்பிடி தடிமன், ஆகவே அறை இன்னும் அகலம் வேண்டும். மத்து வரைந்த காகிதங்கள் அரிதாகி, கைமிக்ஸி வரைந்தவை கூடிவிட்டன. கத்தரிக்கோலுக்கு இப்போது எல்லா வீட்டிலும் முதல் வரிசையில் இடம், பால் பாக்கெட்டும் மசாலா பாக்கெட்டும் வெட்ட. போன மாதம் வரைந்த ஒன்றில், வீட்டில் சமைப்பவர் கணவர். உயரமான மனிதர், கை நீளம். தினம் எடுக்கும் கரண்டிகள் அவர் டிராயரில் நடுவில் கிடந்தன, முன்வரிசையில் எலுமிச்சை பிழியும் கருவியும் பூண்டு நசுக்கியும் இருந்தன. மனைவிக்கு அந்த நடுவரிசை எட்டவில்லை. இரண்டு பேருக்கும் பொதுவாகத் தடுப்பை இரண்டு அங்குலம் முன்னால் இழுத்து வெட்டிக்கொண்டிருக்கிறேன்.